பார் வைத்த சைக்கிள்

15,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் சைக்கிள் கடைக்குள் நுழைந்தேன். மவுண்டன் பைக் என்று எழுதி ஒட்டிய வண்டிகள் ஏழெட்டாயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டிப் போகிற காலம் இது. கையில் இருப்பது கொஞ்சப் பணம் என்றால் அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. முதலில் உடம்புக்குப் பொருந்துகிற ஃபிரேம். அடுத்து பிரேக். அதற்கடுத்து டயர். நிறமும் ஸ்பிரிங்கும் ஸ்டிக்கரும் வரிசையில் கடைசி.

புதுக்கோட்டையில் மலை எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நார்த்தாமலை இருக்கிறது, சித்தன்னவாசல் இருக்கிறது. நீலகிரியோடு சேர்த்துப் பேச முடியாத மொட்டைப் பாறைக் குன்றுகள்தான். ஆனால் மலைச் சைக்கிள் கேட்பது உயரத்தை மட்டுமல்ல, தார் போடாத தரையையும்தான். எங்கள் ஊரில் அது வேண்டிய மட்டும் கிடைக்கிறது. செம்மண் வண்டிப்பாதை, உருண்டு நழுவுகிற சரளை, கல் குவாரிக்குப் போகிற லாரி உழுதுவிட்ட பள்ளம், தைலமரக் காட்டோரத்தில் சருகு மூடிக் கிடக்கும் வெட்டுக்கட்டை. பழைய சைக்கிளில் இந்தப் பாதைகளில் போனால் மணிக்கட்டு இரவெல்லாம் வலிக்கும்.

கடையில் இருந்த தம்பி என்னைப் பார்த்ததும் ஊதா நிறத்தில் கூடை வைத்த வண்டியை நகர்த்திக்கொண்டு வந்தார். "அக்கா, லேடீஸுக்குன்னு இருக்குக்கா. பார் இல்ல, ஏறி எறங்க வசதி." அவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் எனக்குப் பார் வைத்த வண்டிதான் வேண்டும். சீட்டுக்குக் கீழிருந்து ஹேண்டில்பார் வரை போகிற அந்தக் குழாய் இருந்தால்தான் ஃபிரேம் முக்கோணமாக மூடி, குலுங்கும் பாதையில் முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும். அதுவன்றி வேறொரு காரணமும் உண்டு. எனக்கு நினைவு தெரிந்து நான் முதன்முதலில் உட்கார்ந்த வண்டி, அம்மா ஓட்டிய ஜென்ட்ஸ் சைக்கிள். உட்கார்ந்த இடம், அந்தப் பார்.

அம்மா சைக்கிளுக்கு வந்தது இப்படித்தான். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். கையெழுத்துப் போடக் கற்ற பெண் பக்கத்து ஊர் வகுப்புக்கும் சந்தைக்கும் வங்கிக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்றால் அவளுக்கு வண்டி வேண்டும். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு நடந்தது. திடல்களில் பயிற்சி நடந்தது. சைக்கிள் கற்கச் சொல்லி மேடைகளில் பாட்டே பாடினார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயலில் நாற்று நட்டவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி நாடு முழுக்கத் தெரியவைத்தார்.

அம்மா அறிவொளித் தொண்டர். அவ்வளவு பெண்களுக்கும் லேடீஸ் சைக்கிள் ஊரில் எங்கே இருந்தது? கிடைத்த வண்டியில் ஏறினார்கள். ஏறிப் பழகியதும், பார் வைத்த வண்டியே நல்லது, பிள்ளையை முன்னால் உட்கார வைக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. அம்மாவும் அந்தக் கட்சி. பாரில் துண்டை நான்காக மடித்துச் சணல் கயிற்றால் கட்டி என்னை ஏற்றி உட்காரவைப்பார். கேரியரில் அரிக்கேன் விளக்கும் பாடப் புத்தகங்களும். பச்சைப் பெயின்ட் உரிந்து, என் தொடை பட்ட இடத்தில் இரும்பு வெளுத்துப் பளபளவென்று இருக்கும். மேட்டில் அம்மா எழுந்து நின்று மிதிக்கும்போது அவர் மூச்சு என் உச்சந்தலையில் சுடச்சுடப் படும். அதற்குமேல் மிதிக்க முடியாத இடத்தில் இறங்கி, என்னை இறக்காமலேயே தள்ளிக்கொண்டு போவார்.

அந்த மேடு இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதை மிதித்தே ஏற வேண்டும் என்ற ஆசையும் இந்த வண்டியைத் தேடியதில் பாதி.

கடைக்கு வருகிறேன். தம்பியிடம், ஃபிரேம் அளவு பார்க்க வேண்டும் என்றேன். வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் கால் ஊன்றி, பாருக்கு மேல் நின்று பார்த்தேன். உடம்புக்கும் குழாய்க்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். கரடுமுரடான இடத்தில் திடீரென்று கால் ஊன்ற நேர்ந்தால் அந்த இரண்டு அங்குலம்தான் காப்பாற்றும். மலைச் சைக்கிளில் பார் பின்பக்கம் சரிந்து இறங்குவதால் அம்மா பட்ட சிரமம் இங்கே இல்லை. அவர் வண்டியில் அது மட்டக்கோலாக நேரே போகும், சேலையைத் தூக்கிச் செருகி காலை வீசித்தான் ஏற வேண்டும். அடுத்தது சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. என் உயரத்துக்குக் கடையிலிருந்த பெரிய ஃபிரேம் ஒத்துவரவில்லை. அதற்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். பொருந்தாத ஃபிரேமைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்கக் கூடாது. டயரை மாற்றலாம், சீட்டை மாற்றலாம், ஃபிரேமை மாற்றினால் அது வேறு வண்டி.

முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த வண்டி ஒன்று கடை வாசலிலேயே நின்றது. பையன்கள் அதைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இந்த விலையில் பின் ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம் என்பேன். நல்ல வண்டியில் அந்தப் பின்பக்க ஷாக் அப்சார்பருக்கு மட்டுமே என் மொத்தப் பட்ஜெட்டுக்கு மேல் ஆகும். மலிவு வண்டியில் இருப்பது வெறும் சுருள்கம்பி. மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் அது அமுங்கும். காலின் பலம் சக்கரத்துக்குப் போகாமல் கம்பியில் போய்விடும். எடை கூடும். கீல் மாதிரி அசைகிற இடத்தில் நாள்போக்கில் ஆட்டம் கொடுக்கும். முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இல்லாத வண்டியே எனக்குப் போதும் என்றிருந்தேன். இந்த விலையில் அப்படி ஒன்று அன்று கடையில் இல்லை, அதனால் முன்பக்கம் மட்டும் 80 மில்லிமீட்டர் அமுங்குகிற வண்டி.

ஸ்பிரிங் இல்லாமல் மலை இறங்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு மலைச் சைக்கிள் பிறந்த கதையைச் சொல்வேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் பழைய ஷ்வின் வண்டிகளைத் தேடிப் பிடித்தார்கள். 1930, 40-களில் செய்த, தடித்த டயர் போட்ட, யாரும் சீந்தாத வண்டிகள். மலையில் தீயணைப்புக்காகப் போட்ட மண் சாலைகளில் அவற்றை உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976 அக்டோபரில் அந்தச் சாலைகளில் ஒன்றில் போட்டியே வைத்தார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக், அச்சுக் குடத்துக்குள் இருக்கும். கீழே வந்து சேர்வதற்குள் அதிலிருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். திரும்பக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பாதைக்கு ரீபேக் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் அந்த வண்டிகளில் சேர்த்தது என்ன? கை பிரேக், அதற்கு மோட்டார் சைக்கிள் லீவர், பின்னால் கியர். ஸ்பிரிங் இல்லை. 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஃபிரேம் செய்தார். 1979-இல் டாம் ரிட்ச்சி செய்த ஃபிரேம்களைக் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் விற்கத் தொடங்கினார்கள். வெண்டி கிராக் என்ற பெண் அவர்களோடு கூடவே ஓட்டி, படமும் எடுத்தார். அந்தக் காலத்தை இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அவர் கேமரா வழியாகத்தான். 1996 அட்லாண்டாவில் மலைச் சைக்கிள் ஓட்டம் ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆனது.

அந்த மோட்டார் சைக்கிள் லீவர் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடையில் ஒவ்வொரு வண்டியின் பிரேக் லீவரையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். மலிவு வண்டிகளில் அது பிளாஸ்டிக். இறுக்கினால் லீவரே வளைகிறது, பிரேக் கட்டை ரிம்மைத் தொடுவதற்குள் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடுகிறது. அலுமினிய லீவரும் அலுமினிய ரிம்மும் இருந்தால் ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக்கே எங்கள் காய்ந்த ஊருக்குப் போதும். டிஸ்க் பிரேக் என்ற பெயருக்காக மலிவான டிஸ்க்கை வாங்குவதைவிட இது மேல். கட்டை தேய்ந்தால் கீரனூரிலும் அன்னவாசலிலும் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். மழைக்காலத்தில் செம்மண் சேறு கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே புகுந்து அரைக்கும், அது உண்மை. வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைக்க வேண்டும். அம்மாவின் வண்டியில் கம்பி பிரேக், இரும்பு ரிம். நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது. மழையில் இறக்கம் வந்தால் இறங்கி நடப்பார்.

வண்டி 13,000 சொச்சத்துக்கு முடிந்தது. மீதியில் ஹெல்மெட், கைப்பம்பு, இரண்டு டியூப், பஞ்சர் சாமான். இதையெல்லாம் சேர்த்துத்தான் பட்ஜெட் என்று கணக்கிட வேண்டும். முழுப் பணத்தையும் வண்டிக்குக் கொட்டிவிட்டு ஹெல்மெட்டை அடுத்த மாதம் பார்க்கலாம் என்பது ஆபத்து.

வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்ததும் அம்மா சுற்றி வந்து பார்த்தார். "என்னத்தா இது, மட்காடு இல்ல, கேரியர் இல்ல, ஸ்டாண்டுகூட இல்ல. மழை பெஞ்சா முதுகெல்லாம் சேறடிக்குமே?" அப்புறம் குனிந்து பின் சக்கரத்துப் பல்லையெல்லாம் எண்ண ஆரம்பித்துவிட்டார். நானும் உட்கார்ந்து கணக்குச் சொன்னேன். முன்னால் 42, 34, 24 பல் கொண்ட மூன்று. பின்னால் 14 முதல் 28 வரை ஏழு. அதனால் 21 கியர் என்று ஸ்டிக்கர். உண்மையில் அத்தனை வித்தியாசம் இல்லை. 42-க்கு 28 போட்டாலும் 24-க்கு 16 போட்டாலும் ஒரே ஒன்றரைதான். அம்மாவின் வண்டியில் முன்னால் 44, பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று ஓடும். மேட்டில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அதைத்தான் மிதித்திருக்கிறார். இதில் 24-க்கு 28 போட்டால் பெடல் ஒரு சுற்று சுற்றியும் சக்கரம் ஒரு முழுச் சுற்று வராது. "அப்ப மெதுவாத்தான் போகும்," என்றார் அம்மா. ஆமாம், மெதுவாகத்தான் போகும். நிற்காமல் போகும்.

ஏறிவிட்டேன் அந்த மேட்டை. சின்னப் பல்லுக்கு மாற்றுவதை மேடு தொடங்குமுன்பே செய்துவிட வேண்டும். பாதி மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் முனகும், சிலசமயம் கழன்றும் விழும். எழுந்து நின்று மிதித்தால் சரளையில் பின் சக்கரம் பிடி இல்லாமல் சுற்றும். சீட்டின் முனையில் உட்கார்ந்து, நெஞ்சை ஹேண்டில்பாருக்குத் தாழ்த்தி, ஒரே சீராக மிதிக்க வேண்டும். இறங்கும்போது நேர்மாறு. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பெடலையும் மட்டமாக வைத்து, முட்டியையும் முழங்கையையும் இளக்கி விட வேண்டும். வண்டியை நிறுத்துகிற பலம் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதை வளைவுக்கு முன்பே, நேராகப் போகையில் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு வளைய வேண்டும். சரளை வளைவில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

டயரில் காற்று எவ்வளவு என்பது பற்றிக் கடைக்காரருக்கும் எனக்கும் பேச்சு நடந்தது. அவர் கல் மாதிரி அறுபது பவுண்டு அடித்துக் கொடுத்தார், தார் சாலைக்கு அது சரி. மண்ணில் 35-க்கு இறக்கினால் டயர் பரந்து தரையைக் கவ்வும். கல்லின் அதிர்ச்சி பாதி அங்கேயே அடங்கும். காசு செலவில்லாத சஸ்பென்ஷன் அதுதான். அதற்கும் கீழே போனால் கூர்க்கல்லில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும்.

எங்கள் பக்கத்தில் ஓட்டை விழ கல் தேவையில்லை. சீமைக்கருவேலம் போதும். அந்த முள் ரப்பரில் இறங்கி உள்ளேயே முறிந்து நிற்கும். டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று போகும். டயரின் உட்புறத்தை ஒரு பழந்துணியால் சுற்றித் தடவிக்கொண்டே வர வேண்டும். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கும். இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர். சின்ன வயதில் மணிக்கணக்கில் வாடகை வண்டி எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும் அவரிடம்தான். முகத்துக்குப் பவுடர் போடும் வழக்கம் அவருக்கு இன்றும் உண்டு. பஞ்சர் ஒட்டியபின் அதிலேயே கொஞ்சம் எடுத்து ஒட்டின இடத்தில் தூவுவார், டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. பழைய வண்டிகளுக்கு வால் டியூப் மாற்றியே பழகிய கை அவருடையது. என் வண்டியின் வால்வைப் பார்த்து, "இது மோட்டார் சைக்கிள் வால்வுல்ல தாயி, பெட்ரோல் பங்க்லயே அடிச்சுக்கலாம்," என்று மகிழ்ந்துபோனார். பின் சக்கரத்தைச் சுழற்றி விட்டுக் கோட்டம் பார்த்து, இரண்டு ஸ்போக்ஸ் கம்பியை இறுக்கினார். புது வண்டியின் கம்பிகள் ஓடியபிறகு தளரும், ஒரு மாதத்துக்குள் இறுக்கியே ஆக வேண்டும்.

விடியற்காலையில் திருச்சி சாலையிலிருந்து பிரிந்து நார்த்தாமலைக்குப் போகிற பக்கம்தான் எனக்கு அதிகம் வாய்க்கிறது. மேலமலையில் விஜயாலய சோழீசுவரம். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில், வட்டக் கருவறை. பாறையில் வண்டியை ஏற்றுவதில்லை, அடிவாரத்திலேயே பூட்டிவிட்டு நடந்து ஏறுவேன். அங்கே வண்டித் தடம் பதியக் கூடாது. மேலே நின்று பார்த்தால் குவாரிகள் தின்றது போக மிச்சமுள்ள குன்றுகள் தெரியும். அறிவொளிக் காலத்தில் அம்மாவிடம் எழுத்துப் படித்த பெண்கள் அந்தக் குவாரிகளில்தான் கல் உடைத்தார்கள். சில இடங்களில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கே எடுத்து நடத்தினார்கள். அவர்கள் சைக்கிளில் போய்வந்த பாதைகளில் சிலவற்றில்தான் நான் இப்போது ஓட்டுகிறேன்.

அடுத்து சேர்க்கிற பணம் பின் சக்கரத்துக்கு. இந்த விலை வண்டிகளில் பின்பக்கப் பல்லெல்லாம் மரை போட்டுத் திருகி ஏற்றிய ஃபிரீவீல். அதில் வலப்பக்கப் பால்ரஸ் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சில் நீளமாகத் தாங்கல் இல்லாமல் வெளியே நிற்கும், பள்ளத்தில் தொம்மென்று இறங்கினால் வளையும். கேசட் ஏற்றுகிற குடத்தில் பால்ரஸ் ஓரத்துக்கே வந்துவிடும். தெருக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல குடமும் இரட்டைச் சுவர் ரிம்மும் கிடைத்தால் சக்கரம் பின்னித் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை சின்னப் பள்ளங்களில் சீட்டிலிருந்து எழுந்துகொள்கிறேன், பெரிய பள்ளம் வந்தால் சுற்றிப் போகிறேன்.