விருத்தாசலத்தைச் சுற்றி நான்கு பீரங்கிகள்



"சார், ராத்திரி பத்து மணிக்குக்கூட உங்க பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுதே, தூங்கறதில்லையா?" என்று உங்களில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். என் தங்கை மகனுக்கு வேறு சந்தேகம். மாமா ஆன்லைன் ரம்மியில் பணம் விடுகிறாரோ என்று என் மனைவியிடமே விசாரித்திருக்கிறான். பணமும் இல்லை, ரம்மியும் இல்லை. நான் ஒரு நாட்டை ஆண்டுகொண்டிருக்கிறேன். திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கும் என் பள்ளித் தோழன் இன்னொரு நாட்டை ஆள்கிறான். எங்களுக்குள் போர் நடக்கிறது. விளையாட்டின் பெயர் அன்சிவ்.

விளக்கமாகச் சொல்கிறேன். 1991-இல் சிட் மையர் என்ற அமெரிக்கர் 'சிவிலைசேஷன்' என்று ஒரு கணினி விளையாட்டை உருவாக்கினார். கி.மு. 4000-இல் ஒரு சிறு கூட்டமாகத் தொடங்கி, ஊர் அமைத்து, உழுது, எழுத்து கற்று, கப்பல் விட்டு, கடைசியில் ராக்கெட் வரைக்கும் போகலாம். அதன் ஐந்தாம் பதிப்பைப் பார்த்து, ஆர்வலர்கள் இலவசமாக, செல்போனிலும் ஓடும்படி செய்ததுதான் அன்சிவ். படங்கள் சுமார்தான். தேன்கூடு போல ஆறு பக்கக் கட்டங்கள், அதன் மேல் சின்னச் சின்னப் பொம்மைகள். அவ்வளவே.

இதில் முக்கியமான விஷயம், முறை வைத்து ஆடுவது. என் ஊர்களுக்கு என்ன வேலை, எந்தப் படை எந்தக் கட்டத்துக்கு என்று எல்லாம் முடித்து 'அடுத்த முறை' என்ற பொத்தானை அழுத்தினால் ஆட்டம் அவனிடம் போய்விடும். அவன் ஆடி முடித்ததும் என் போனில் மணி அடிக்கும். நடுவில் ஒரு மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். நாம் தொடும்வரை அந்த உலகம் அப்படியே நிற்கும். என் பேரன் ஆடுகிற துப்பாக்கி விளையாட்டில் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆள் காலி. நம் வயதுக்கு அது ஆகாது. ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்காரன் வைக்கும்வரை புலிக்காரன் திண்ணையில் சாய்ந்துகொண்டு வெற்றிலை மெல்லலாம்.

நாங்களும் இப்படி ஆடிப் பழகியவர்கள்தான். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அவன் நம் ஊரிலேயே செராமிக் படித்தான். செராமிக் தொழிற்பேட்டையில் சில வருடம் ஃப்யூஸ் கேரியரும் பொம்மையும் செய்துவிட்டு, 1987-இல் குஜராத்தில் மோர்பிக்குப் போனான். ஓட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பேர்போன ஊர். 1979 ஆகஸ்டில் மச்சு அணை உடைந்து ஊரையே அடித்துக்கொண்டு போனதே, அதே மோர்பி. அங்கே எதைச் சொன்னாலும் 'வெள்ளத்துக்கு முன்னே, வெள்ளத்துக்குப் பின்னே' என்றுதான் சொல்கிறார்கள் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தின் அடியிலேயே 'பி-கே 4' என்று சதுரங்கத்தின் முதல் காயையும் நகர்த்தியிருந்தான். பதினைந்து பைசா கார்டில் ஒரு நகர்த்தல். கார்டு போய்ச் சேர ஐந்தாறு நாள், பதில் வர ஐந்தாறு நாள். என் வீட்டு அலமாரியில் அந்தப் பலகை காய்களோடு இரண்டு வருடம் இருந்தது. தூசு துடைக்க என் மனைவிக்கு அனுமதி கிடையாது. இருபத்திரண்டாவது நகர்த்தலோடு நின்றுபோனது. அவனுக்கு வேலை மாறியது, எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள்.

2021 ஊரடங்கில் அவன் பேரன் அன்சிவ்வைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். அவன் எனக்கு ஆட்டத்தின் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'கார்டு வாங்க வேண்டாம், வாடா' என்று எழுதினான். அன்று முதல் ஆடுகிறோம். இப்போது நடப்பது ஏழாவது ஆட்டம். இதுவரை அவன் நான்கு, நான் இரண்டு.

ஏன் போனில் பேசிக்கொள்ளாமல் இப்படி, என்று கேட்பீர்கள். அவனால் அதிகம் பேச முடியாது. நான்கு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும், பிறகு இருமல் பிடித்துக்கொள்ளும். அவனுக்கு சிலிக்கோசிஸ். நுரையீரலில் மண் படிந்து வரும் நோய்.

இந்த இடத்தில் கொஞ்சம் வாத்தியாராகவே பேசுகிறேன். உங்களில் பலர் செராமிக் வேலையில் இருக்கிறீர்கள். பீங்கான் கலவையில் களிமண் மட்டுமா இருக்கிறது? குவார்ட்ஸ் இருக்கிறது, ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறது. மூட்டை பிரிக்கும்போதும், சலிக்கும்போதும், காய்ந்த பச்சைச் சாமானைப் பிசிறு சீவும்போதும் பறக்கிற தூசில் சிலிக்கா இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசு மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசுதான் நுரையீரலின் அடிவரைக்கும் போய் அங்கே தழும்பு உண்டாக்கும். அந்தத் தழும்பு ஆறாது. வேலையை விட்டு வந்த பிறகும் நோய் வளரும். முகத்தில் கைக்குட்டையோ துண்டோ கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அந்தத் தூசு துணிக்குள் புகுந்து வந்துவிடும். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 போன்ற முகக்கவசம் வேண்டும். தரையைக் காய்ந்த விளக்குமாறால் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து வழித்தெடுங்கள். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக இருந்தது. என் நண்பனுக்கு முதலில் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் இரண்டும் சில சமயம் ஒன்று போலத் தெரியுமாம். என்ன வேலை செய்தாய் என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. மருத்துவரிடம் போனால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள், நான் செராமிக் வேலை செய்கிறேன் என்று.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

நான் எப்போதும் இந்தியாவைத்தான் எடுப்பேன். தலைவர் காந்தி. இந்த விளையாட்டில் காந்தியைப் பற்றி ஒரு கதை உலகம் முழுக்க உலவுகிறது. முதல் பதிப்பில் ஒரு கணக்குப் பிழையால் காந்தி திடீரென்று அணுகுண்டு வெறியராக மாறிவிடுவார் என்று. சிட் மையர் 2020-இல் எழுதிய சுயசரிதையில் அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார். ஆனாலும் காந்தித் தாத்தா பெயரில் நான் பீரங்கி ஓட்டுவதைப் பார்த்து என் மனைவிக்குச் சிரிப்பு.

அவன் எகிப்து. என் போனிலும் அவன் எண்ணை 'எகிப்து' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். அவன் ஆட்டத்தில் மாறாத ஒன்று உண்டு. விவசாயம் நமக்கு முன்பே தெரிந்திருக்கும், அதன் பிறகு முதலில் எதைக் கற்பது என்று ஆட்டம் கேட்கும். கால்நடை வளர்ப்பு, வில்வித்தை, சுரங்கம், மட்பாண்டம் என்று நான்கு வழி. நான் வில்லை எடுப்பேன். அவன் ஏழு ஆட்டத்திலும் மட்பாண்டத்தைத்தான் எடுத்தான். "சோறு தின்ன மண்ணு அதுதானேடா" என்பான். அதில் கணக்கும் இருக்கிறது. பானை செய்யத் தெரிந்தால்தான் தானியக் களஞ்சியம் கட்ட முடியும், ஊர் பெருகும். எழுத்து, நாட்காட்டி, கடற்பயணம் மூன்றுக்கும் பாதை மட்பாண்டத்தின் வழியாகத்தான் போகிறது. இதை வடிவமைத்தவர்கள் நம் கீழடி, ஆதிச்சநல்லூர்ப் பானைகளைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனாலும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் நான் இதைச் சொல்லிக்கொடுத்தபோது உங்களில் எத்தனை பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

இந்த ஏழாவது ஆட்டத்தில் அவன் ஒரு வேலை செய்தான். தன் தலைநகரான தீப்ஸின் பெயரை அழித்துவிட்டு 'விருத்தாசலம்' என்று வைத்துவிட்டான். மற்ற இரண்டு ஊர்களும் 'பூதாமூர்', 'ஜங்ஷன்'. பக்கத்தில் ஓடுகிற ஆறு மணிமுத்தாறு என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வேறு. ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது அவனுக்கு. ஆக்சிஜன் இயந்திரத்தை விட்டு அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. நான் போய்ப் பார்த்துவிட்டு வருவதோடு சரி. போகும்போது பழமலைநாதர் கோயில் விபூதி கேட்பான், வாங்கிப் போவேன்.

இப்போது நிலவரம் என்னவென்றால், விருத்தாசலத்தைச் சுற்றி என் நான்கு பீரங்கிகள் நிற்கின்றன. என்னிடம் ஆறு ஊர், அவனிடம் மூன்று. என் படை பெரியது. பார்த்தால் எகிப்து முடிந்தது என்றுதான் தோன்றும்.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. முடித்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த ஆட்டம் தொடங்கலாம். ஒரு ஆட்டம் முடிய எங்கள் வேகத்தில் ஏழெட்டு மாதம் ஆகிறது. அவன் மகள் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "சித்தப்பா, போன தடவை ஸ்கேன் பார்த்துட்டு டாக்டர் அவ்வளவா பேசலை." அதைக் கேட்ட பிறகு பீரங்கியை முன்னே நகர்த்தக் கை வரவில்லை. கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகலாமே என்று தோன்றியது.

அந்த வாரமே என் இரண்டு பீரங்கிகள் அடிபட்டு நூறுக்கு முப்பதில் நின்றன. அவற்றைப் பின்னால் இழுத்து ஓய்வு கொடுத்தேன். அது ஆட்டத்தில் சாதாரணம். அரை மணி நேரத்தில் அவனிடமிருந்து செய்தி. 'என்னடா பரிதாபமா?' நான் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன், பார், முப்பதுதான் இருக்கிறது என்று. பெரிதாக்கிப் பார்த்திருப்பான் போல. 'சரி. நம்பறேன். விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சா அடுத்த ஆட்டம் கிடையாது' என்று பதில்.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளோடு இருந்தவன் நான். வாத்தியார் வேண்டுமென்றே தோற்கிறார் என்பதை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த பிறகு அந்த விளையாட்டைத் தொடாது. இவன் அறுபது வயதைத் தாண்டியவன், மட்பாண்டம் எடுத்து நான்கு ஆட்டம் ஜெயித்தவன்.

மார்ச் மாதம் நான்கு நாள் முறை வரவில்லை. மணி அடிக்குமா என்று போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள்தான் மகள் சொன்னாள், நிமோனியா, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று. ஐந்தாம் நாள் மதியம் மூன்று மணிக்கு மணி அடித்தது. திறந்து பார்த்தேன். எதையும் நகர்த்தவில்லை, எதையும் கட்டவில்லை. கையில் ஊசி குத்தியபடி 'அடுத்த முறை' மட்டும் அழுத்தியிருக்கிறான்.

என் முறை. அவனுடைய காவல் படை ஒன்று மதிலுக்கு வெளியே தனியாக நின்றது. நல்ல வாய்ப்பு. பத்து நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடித்தேன். இரண்டு பீரங்கியில் அந்தப் படை காலி. சாயங்காலம் செய்தி வந்தது: 'ஆஸ்பத்திரியில கிடக்கறவன் மேல பீரங்கியா? நல்லா இருடா நீ.' பின்னாலேயே மகளின் செய்தி. அப்பா சிரித்து, சிரித்ததில் இருமல் வந்து, நர்ஸ் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாராம்.

இந்த ஆட்டத்தில் ஜெயிக்கப் பல வழி உண்டு. எதிரியின் தலைநகரைப் பிடிக்கலாம். விண்கலம் கட்டலாம். இன்னொன்று, பண்பாட்டு வெற்றி. ஐந்து கொள்கைக் கிளைகளை முழுதாக முடித்து, 'உட்டோப்பியா' என்ற திட்டத்தைக் கட்டி முடித்தால் ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஆட்டம் அவனுடையது. ஊர்கள் கூடக் கூடக் கொள்கைக்கான விலையும் ஏறும். அவன் ஏன் மூன்றே ஊரோடு நின்றான் என்பது போன வாரம்தான் எனக்கு உறைத்தது. அவன் படை கட்டாமல் விட்டது முடியாததால் அல்ல. நான் பீரங்கி வார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் கோயிலும் அரங்கமும் கட்டியிருக்கிறான். நான்கு கிளை முடிந்துவிட்டது. ஐந்தாவதில் இன்னும் இரண்டே கொள்கைதான் பாக்கி. என் ஊர்களிலோ மக்களின் மகிழ்ச்சி எண் கழித்தல் மூன்றில் இருக்கிறது, போர் போர் என்று அலைந்ததில்.

நேற்று இரவு 9.40-க்கு ஆட்டம் என்னிடம் வந்தது. விருத்தாசலத்தின் பலம் 200-இல் 84. பீரங்கியால் மதிலை அடிக்கலாம், ஊருக்குள் நுழைய முடியாது. அதற்குக் காலாள் வேண்டும். என் காலாள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறான். ஆற்றைத் தாண்டித் தாக்கினால் பலம் குறையும், சுற்றிப் போனால் மூன்று முறை ஆகும். மூன்று முறையில் அவன் என்ன கட்டுவான் என்று தெரியாது. இன்று காலை முழுவதும் காய்கறி நறுக்கிக்கொண்டே இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே உறவினர்களும் மாணவர்களும் இந்த வாரம் இரவு எட்டரை மணிக்கு மேல் எனக்குப் போன் செய்ய வேண்டாம். அவசரமென்றால் வீட்டுக்கார அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.