ஒரு ஃபோர்க்லிஃப்டும் மார்ச் 31-ம்

எனக்கு ஊர் திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோவிலும் முகூர்த்த நாள் கல்யாணக் கூட்டமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் படிப்பது சிதம்பரத்தில், பி.காம். கடைசி வருஷம். கடலூரிலிருந்து பஸ் முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் வரும். என் சித்தப்பா அங்கே ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பதினைந்து வருஷ அனுபவம்.

போன வருஷம் மார்ச் கடைசியில் அந்தக் குடோனில் ஸ்டாக் எண்ண ஆள் தேவைப்பட்டது. "காமர்ஸ் படிக்கிற பையன்தானே, வரச் சொல்லுங்க" என்றார்களாம். இரண்டு நாள் வேலை, கைச்செலவுக்கு ஆகுமே என்று நானும் போனேன். மேல் ரேக்கில் இருந்த மூட்டைகள் கீழே இருந்து சரியாகத் தெரியவில்லை. சூப்பர்வைசர், "ஒரு பேலட் மேல ஏறி நில்லு தம்பி, ஃபோர்க்ல தூக்கிவிடச் சொல்றேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். நானும் ஜாலியாக ஏறிவிட்டேன்!

சித்தப்பா வண்டியை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இறங்குடா கீழ" என்று மட்டும்தான் சொன்னார். "நான் ஆளைத் தூக்க மாட்டேன் சார், ஏணி கொண்டு வரச் சொல்லுங்க." அவர் அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஏணி வர இருபது நிமிஷம் ஆனது.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அன்று ராத்திரி வீட்டில் கேட்டேன். அவர் சொன்னதை என்னால் முடிந்த அளவு எழுதுகிறேன்.

நாம் இதை ஒரு சின்னக் கார் மாதிரி நினைக்கிறோம். 3 டன் தூக்குகிற வண்டியின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல். காரில் முன் சக்கரம் திரும்பும், இதில் பின் சக்கரம். திருப்பும்போது வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். பக்கத்தில் நிற்பவன் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பின்பக்கம் வந்து அவனை நசுக்கிவிடும்.

அடுத்தது சாய்வது. "நம்ம ஊர்த் தேரைப் பாத்திருக்கல்ல? முனை திரும்பும்போது எவ்வளவு பொறுமையா, கட்டை போட்டுப் போட்டுத் திருப்புவாங்க? பாரத்தை மேல தூக்கிட்டா இதுவும் தேர்தான்" என்றார். அதனால்தான் பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். தூக்குவதும் இறக்குவதும் வண்டி நின்ற பிறகுதான். சரிவில் பாரத்தோடு ஏறினால் பாரம் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இறங்கும்போது ரிவர்ஸில் இறங்க வேண்டும். மீறி வண்டி சாய்ந்தால் குதிக்கவே கூடாது. குதிப்பவன் மேல்தான் தலைக்கு மேலே உள்ள இரும்புக் கூண்டு விழும். பெல்ட்டோடு ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, வண்டி விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும்.

கெமிக்கல் உள்ள இடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சால்வன்ட் நிரப்பிய 200 லிட்டர் பேரலில் ஃபோர்க் முனை குத்தினால் போதும், ஆவி பரவிவிடும். அங்கே சாதாரண வண்டியின் ஒரு பொறி தீயைக் கிளப்பிவிடும். அதற்கென்றே பொறி வெளியே வராத ஃபிளேம்புரூஃப் வண்டி இருக்கிறது. பேட்டரி வண்டியை சார்ஜ் போடும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மூடிய குடோனில் டீசல் வண்டி ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது. 2021 மே மாதம் இதே சிப்காட்டில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலை விபத்தில் 4 பேர் இறந்தார்கள். அது ஃபோர்க்லிஃப்ட் விபத்து இல்லை. ஆனாலும் அங்கே வேலை செய்கிற யாருக்கும் அது மறக்கவில்லை.

"இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் சித்தப்பா விபத்து நடக்குது?" என்றேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ரிவர்ஸ் வந்த வண்டியில் ஒருவருக்குப் பாதம் போனதைச் சொன்னார். லாரி காத்திருக்கிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டிய நேரமாம். "ஓட்டத் தெரியாம நடக்கறது கொஞ்சம்டா. முடியாதுன்னு சொல்ல முடியாம நடக்கறதுதான் ஜாஸ்தி."

முடியாது என்று சொன்னதற்கு அவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? மறுநாளிலிருந்து ஒரு வாரம் வண்டியில் ஏற்றவில்லை, மூட்டை அடுக்க விட்டார்கள். ஓவர்டைமும் கிடையாது. என்னால்தான் என்று எனக்கு உறுத்தலாக இருந்தது. அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் படிக்கிற காஸ்டிங் பாடத்தில் வீணான நேரத்துக்கு ஒரு தலைப்பு உண்டு. அந்த இருபது நிமிஷத்தையும் அதில் எழுதிவிடலாம். நான் கீழே விழாமல் வீடு திரும்பியதை எந்தக் கணக்கில் எழுதுவது? நாளைக்கு நானும் ஏதோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, "31-ம் தேதிக்குள் ஸ்டாக் வேண்டும்" என்று போன் போடுகிற ஆளாகத்தான் இருப்பேன். அப்போது ஒரு டிரைவர் சாவியை எடுத்துப் பையில் போட்டால் அவரிடம் கோபப்படக் கூடாது. ஏணி கொண்டு வரச் சொல்ல வேண்டும்.

இப்போதும் பஸ் சிப்காட்டைத் தாண்டும்போது அந்தக் குடோன் பக்கம் என் கண் தானாகப் போகும். சித்தப்பா சாயங்காலம் வண்டியை நிறுத்தி, ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைத்துக்கொள்வேன்.