குரூப்பை விட்டு வந்த கதை

போன வாரம் பொன்னேரி பஸ்ஸில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். இப்போது அவருக்கே பேரன் இருக்கிறான். "என்ன சார், குரூப்புல ஆளையே காணோம்? எங்க மேல கோபமா?" என்று கேட்டார். "கோபமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் ஒன்றும் சாமியார் இல்லை. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டு வளர்ந்தவன்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க, ஊரோடு சேர்ந்து மணலில் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு சினிமா கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது. இன்றைய கதாநாயகர்களில் பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியாது. அதில் வருத்தமும் இல்லை. பல் விழுவது மாதிரி தானாக நடந்தது அது.

வாட்ஸ்அப்பை விட்டது அப்படி அல்ல.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் மகள் ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். பழைய மாணவர்கள் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் எல்லாம் அதில் இருந்தார்கள். காலை வணக்கம், மூட்டுவலிக்கு மருந்து, முகத்துவாரம் அடைபட்ட படம் என்று நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். எனக்கும் பொழுது போனது.

2018 ஏப்ரல், மே மாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று படமும் குரலுமாக எல்லார் போனுக்கும் வந்தது. எனக்கும் வந்தது. மேலே 'எச்சரிக்கையாக இருங்கள்' என்று ஒரு வரி சேர்த்து, குரூப்பில் போட்டேன். "சாரே அனுப்பிருக்காரு, அப்ப நெசந்தான்" என்று ஒரு பையன் பதில் போட்டான். அன்று அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மே மாதம்தான் நம் பழவேற்காட்டில், ஊர் பேர் தெரியாத ஒரு மனிதரைப் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி அடித்துக் கொன்று, பாலத்தில் தொங்கவிட்டார்கள். மனநலம் சரியில்லாதவர் என்று பிறகு சொன்னார்கள். அதே நாட்களில் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவரையும் அடித்தே கொன்றார்கள்.

என் செய்தியைப் படித்த யாராவது அந்தக் கூட்டத்தில் நின்றார்களா, தெரியாது. யாரும் என்னைக் கேட்கவில்லை, போலீசும் கேட்கவில்லை. என் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "ஏங்க, நீங்க அந்தக் கும்பலைப் பார்த்தீங்களா?" வகுப்பில் முப்பது வருஷம் 'விடை எப்படி வந்தது, வழியைக் காட்டு' என்று பிள்ளைகளைக் கேட்டவன் நான். என்னிடம் வழி இல்லை.

அந்த ஜூலையில், வந்த செய்தியை ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வரும் என்று வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது. நான் அனுப்பியது ஒரே ஒரு குரூப்புக்குத்தான். அதுவே போதுமே.

நம் ஏரியில் பாடு முறை இருக்கிறதே, அதை யோசித்துப் பார்க்கிறேன். யாருக்கு எந்த நாள், எந்த இடத்தில் வலை என்பதை ஊர்க் கூட்டத்தில் எல்லார் முகத்துக்கும் நேரே பேசித்தான் முடிவு செய்கிறார்கள். சொன்னவன் எதிரில் உட்கார்ந்திருப்பான். தப்பு என்றால் அங்கேயே கேட்கலாம். அதில் சண்டை வராமல் இல்லை. ஆனால் சொல்லுக்கு ஓர் ஆள் பொறுப்பாக நிற்கிறான்.

போனை நான் தூக்கி எறியவில்லை. பேத்தியோடு பேச, புயல் எச்சரிக்கை பார்க்க, அது வேண்டும். மற்றபடி காலையில் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போகிறேன். இறால் விலை, யார் வீட்டில் கல்யாணம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். யாராவது புதுசாக ஒரு செய்தி சொன்னால், "நீ பார்த்தியாப்பா?" என்று கேட்கிறேன். சிலருக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்தப் பாலத்தைக் கடக்கும்போது பழவேற்காடு வந்தவர்கள் எல்லாம் பூநாரை தெரிகிறதா என்று தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் இன்னும் கைப்பிடிச் சுவரைத்தான் பார்க்கிறேன்.