பட்டை தாங்கும்... பிரேக் தாங்குமா?

கரிசல் காட்டில் கன்று வைத்தவருக்குக் கோடைதான் பரீட்சை. எம். புதுப்பட்டி பக்கம் மானாவாரி நிலத்தில் 300 கொய்யாக் கன்றுகளை நட்ட விவசாயி ஒருவருக்கும் அதே நிலைமை. நிலத்தில் கிணறு இல்லை. 4 கிலோ மீட்டர் தள்ளியிருக்கும் சொந்தக்காரர் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். கன்றுக்கு 10 லிட்டர் என்றால், ஒரு தடவைக்கு 3,000 லிட்டர். காய்கறி ஏற்ற வாங்கிய பழைய பிக்கப் வண்டி ஒன்று வீட்டில் நின்றது. அதில் 1,500 லிட்டர் டேங்க் வைத்தால், இரண்டே நடையில் வேலை முடிந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார்.

வண்டியின் பின்பக்கம் ஏற்கெனவே தொய்ந்திருந்தது. சிவகாசியில் பட்டை வேலை செய்யும் பட்டறைக்கு ஓட்டிப்போய், "தம்பி, ரெண்டு பட்டை கூடச் சேர்த்துருங்க" என்றார்.

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "சேர்த்துரலாம் அண்ணாச்சி. பட்டை தாங்கும். பிரேக் தாங்குமா? ஆர்.சி. புக்கைக் கொஞ்சம் எடுங்க" என்றார்.

புத்தகத்தில் வண்டியின் வெறும் எடை 1,600 கிலோ, பாரத்தோடு மொத்த எடை 2,800 கிலோ என்று இருந்தது. ஏற்றக்கூடியது 1,200 கிலோ. ஆட்களின் எடையும் அதற்குள்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, 1,500 லிட்டர் தண்ணீரிலேயே 300 கிலோ அதிகம். டேங்க், இரும்பு ஸ்டாண்டு, இன்ஜின் பம்ப், முன்னால் உட்காரும் அவரும் மகனும் என்று கூட்டினால் பாரம் 1,750 கிலோவைத் தொட்டது.

கமான் பட்டை வண்டியைத் தொய்யாமல் தூக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அச்சு, பேரிங், டயர், பிரேக், சேஸ் எல்லாம் பழைய பலத்தில்தான் இருக்கும். பின்பக்கம் தொய்ந்தாலாவது பாரம் அதிகம் என்று கண்ணுக்குத் தெரியும். பட்டை சேர்த்தால் அந்த அறிகுறியும் மறைந்துவிடும்.

பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சோடு இணைந்த ஒரு பிரேக் வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து, பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை அது கூட்டிக் குறைக்கும். கூடுதல் பட்டையால் வண்டி உயர்ந்து நின்றால், பாரம் இல்லை என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதிக பாரம், குறைந்த பிரேக்: பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் சாலையில் இதைவிட ஆபத்து வேறென்ன?

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கை, அடுப்போடு சிறிய வீட்டையே தூக்கிவைத்து ஊர் சுற்றுகிறார்கள். தொய்வைத் தடுக்கக் கூடுதல் பட்டையும் காற்றுப் பையும் பொருத்துகிறார்கள். அங்கேயும் எடை மேடைக் கணக்குதான் முதலில். பட்டை வேலை பிறகுதான்.

கடைசியில் 750 லிட்டர் டேங்க் என்று முடிவானது. எல்லாம் சேர்த்து 1,000 கிலோ. பட்டை எண்ணிக்கையைக் கூட்டவில்லை. உடைந்த பட்டையை மாற்றி, தொய்ந்தவற்றுக்கு வளைவு ஏற்றி, வண்டியைப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்தார்கள். சென்டர் போல்ட், யு போல்ட், புஷ் எல்லாம் புதிது. டேங்கைப் பின் அச்சுக்கு முன்னால், கேபினை ஒட்டி, தாழ்வாக வைத்துக் கட்டினார்கள். பின்னால் தள்ளி வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது.

இரண்டு நடை, நான்கு நடை ஆனது. டீசலும் நேரமும் கூடுதல்தான். அதற்காக அவர் கன்றுகளைச் சுற்றி மூடாக்குப் போட்டார். ஈரம் கூடுதல் நாள் நின்றதால், தண்ணீர் விடும் இடைவெளியைத் தள்ளிப்போட முடிந்தது.

டேங்க் வைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* ஸ்டாண்டு, பம்ப், ஆட்களோடு சேர்த்து ஒருமுறை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள்.
* அரை டேங்க் தண்ணீரோடு வேகமாகப் போக வேண்டாம். அலம்பும் தண்ணீர் திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கும். பெரிய டேங்க் என்றால் உள்ளே தடுப்புத் தகடு அவசியம்.
* பட்டை வேலை முடிந்து சில நாள் ஓட்டியதும் யு போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும்.
* அதிக பாரத்துக்கு, 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.