எழுத்துருவும் சேர்ந்ததுதான் பேக்கப்

பாதுகாப்பு வேலை என்றதும் ஆன்டிவைரஸ், ஃபயர்வால் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். தாதா ஆரம்பத்தில் இரண்டையும் தொடவிடவில்லை. (என் சீனியர். கொல்கத்தாவில் வயதில் மூத்த ஆண் எவரும் தாதாதான்.) கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, "எந்தக் கோப்பு எங்கே கிடக்கு, யார் யார் திறக்கிறாங்க, எழுதிட்டு வா" என்று அனுப்பினார்.

போன இடம் காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு வங்காளப் பதிப்பகம். கணக்கு டாலியில். பழைய புத்தகங்கள் பேஜ்மேக்கரில், புதியவை இன்டிசைனில். அட்டைப் படங்கள் ஓவியரின் கூகுள் டிரைவில். சில புத்தகங்களின் கடைசி பிடிஎஃப், பைட்டக்கானா பக்கத்து அச்சகக்காரரின் வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருந்தது. எழுதி முடித்தபோது நோட்டில் பாதி தீர்ந்திருந்தது. பதிப்பகத்தின் சொத்து என்ன என்று அதன் முதலாளிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த பாடம் லாக் படிப்பது. ஊரடங்கில் கணக்கர் வீட்டிலிருந்து டாலி பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஊரடங்கு போயிற்று, கதவு திறந்தேதான் கிடந்தது. ஈவென்ட் வியூவரில் 4625 என்ற எண் பக்கம் பக்கமாக ஓடியது. தோற்றுப்போன லாகின் ஒவ்வொன்றும் அந்த எண்ணில் பதிவாகும். அட்மின், டெஸ்ட், டாலி என்று யாரோ எங்கிருந்தோ ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்திருந்தார்கள். தாதா அதில் நேரத்தைச் செலவழிக்கவில்லை. "தோத்தவனை விடு, 4624-ஐத் தேடு" என்றார். அது வெற்றிகரமான லாகின். நள்ளிரவு நேரத்தில் வெளியிலிருந்து அப்படி எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அந்தக் கதவை மூடினோம்.

அப்டேட் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் தாதா வான்னாக்ரை கதையை எடுத்துவிடுவார். 2017 மே 12 அன்று உலகமெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அது. சில நாளில் மேற்கு வங்க மாநில மின்விநியோக நிறுவனத்தின் மேற்கு மேதினிப்பூர் அலுவலகங்களிலும் கணினிகள் பூட்டிக்கொண்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. கள்ள விண்டோஸ் போட்டுத் தருகிறவர்கள் அப்டேட்டையும் சேர்த்து நிறுத்திவிடுவது வழக்கம். பதிப்பகத்தின் டிடிபி கணினிகளும் அப்படித்தான் இருந்தன.

நான் தொழில் கற்றது என்றால் பேக்கப்பில்தான். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற விதியை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். வேறு இடம் எதற்கு என்பதை இந்தத் தெருவில் யாரும் விளக்க வேண்டியதில்லை. 2020 மே 20 அன்று ஆம்பன் புயலில் இங்கே புத்தகங்கள் தண்ணீரில் மிதந்தன. ரான்சம்வேருக்குப் பயந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்தாலும் அது அதே கடையின் கீழ் அலமாரியில் இருந்தால் என்ன பயன்? கூகுள் டிரைவ் சிங்க்கை பேக்கப் என்று நம்புகிறவர்களும் உண்டு. கணினியில் பூட்டிய கோப்பு அப்படியே மேலே ஏறி, அங்கிருந்த நல்ல கோப்பின் இடத்தில் உட்கார்ந்துவிடும். பழைய வெர்ஷன்கள் சேமிப்பில் இருந்தால் தப்பிக்கலாம்.

எல்லாம் எடுத்தாயிற்று என்றதும் தாதா வேறொரு காலிக் கணினியைக் காட்டி, "இதுல ஒரு புத்தகத்தைக் கொண்டு வா" என்றார். ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பின் கோப்பு பழுதில்லாமல் வந்தது. திறந்தால் வங்காளத்தில் ஒரு வரி இல்லை, ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் சதவீதக் குறியுமாக இருந்தது. நம் தமிழ்ப் பாமினியில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வருமே, அதே கோலம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் பழைய கணினியோடு நின்றுவிட்டன. கோப்பு பிழைத்து, புத்தகம் போய்விட்டது. அன்றிலிருந்து எழுத்துரு, படங்கள், பழைய மென்பொருளின் இன்ஸ்டாலர் மூன்றையும் ஒவ்வொரு புத்தகத்தின் ஃபோல்டரிலேயே போடுகிறோம். மாதம் ஒரு புத்தகத்தை இழுத்துத் திறந்தும் பார்க்கிறோம்.

பிடிஎஃப் கசிவு வேறு தலைவலி. புத்தகக் கண்காட்சி நெருங்கும் ஜனவரியில் பிழை திருத்துபவர், அச்சகம், விமர்சகர் என்று கோப்பு எல்லார் கைக்கும் போகும். ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் பக்க அடியில் அச்சான தனிப் பிரதி தருகிறோம். திருட நினைப்பவன் அதை வெட்டி எடுத்துவிடுவான்தான். அலட்சியமாக வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுகிறவர்கள் மட்டும் குறைந்திருக்கிறார்கள்.

சுவரில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறோம். இணைய மோசடியில் பணம் போனால் உடனே 1930 உதவி எண். கணினி பூட்டிக்கொண்டால் முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்கு, அணைக்காதே, எங்களைக் கூப்பிடு. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி தாக்குதல் பற்றி 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் கொடுக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதையும் எழுதியிருக்கிறோம்.

இன்னும் முடியாத வேலை ஒன்றுண்டு. ஊழியர்கள் எல்லாரிடமிருந்தும் அட்மின் உரிமையை வாங்கிவிட்டோம். முதலாளி மட்டும் தர மாட்டேன் என்கிறார். கம்பெனியிலேயே அதிகம் டவுன்லோடு செய்கிறவர் அவர்தான். அவரிடம் பேசும் பொறுப்பைத் தாதா இப்போது என் தலையில் கட்டியிருக்கிறார்.