விடுபட்ட ஓர் எண்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில், உதிரிபாகங்களைப் பெட்டியிலிட்டு அனுப்பும் பிரிவில் நாங்கள் பணிபுரிகிறோம். ஒரு பெட்டிக்கு 24 என்பது கணக்கு. ஏன் 24 என்று எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. கைகள் தாமே கற்றுக்கொண்டன. 24ஐ இரண்டு வரிசையாகவும், மூன்றாகவும், நான்காகவும், ஆறாகவும் அடுக்கலாம். 23 என்றால் ஒரே நீள வரிசைதான், வேறு வழியில்லை.

எண்களின் இந்தக் குணத்தைத்தான், எங்கள் பக்கத்து ஊரில் அவதரித்த இராமானுஜரின் பெயரைத் தாங்கிய கணித மேதை ஆராய்ந்தார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்டது உயர் பகு எண். 12க்கு 6 காரணிகள், 24க்கு 8, 60க்கு 12. இவற்றைப் பற்றிய சீனிவாச இராமானுஜனின் நெடுங்கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டமளித்ததும் இந்த ஆய்வைக் கொண்டே.

இத்தகைய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், 2 வரும் தடவைகள் 3 வரும் தடவைகளுக்குக் குறையா, 3 வருவது 5 வருவதற்குக் குறையாது, இப்படியே தொடரும். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர்த்தால், கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். இவற்றையெல்லாம் நிறுவியதோடு, 6746328388800 வரை ஒரு பட்டியலும் தந்தார். அக்கடைசி எண்ணுக்கு 10,080 காரணிகள்.

கணிப்பொறி இல்லாத காலத்தில் உருவான அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியைத் தாண்டிய எண். 2ஐ ஆறு முறை, 3ஐ நான்கு முறை, 5ஐயும் 7ஐயும் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறை எடுத்துப் பெருக்கினால் இது கிடைக்கும். ஒவ்வொரு தடவைக் கணக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 7×5×3×3×2×2×2×2, அதாவது 5,040.

ஓர் இரவுப் பணியின் இடைவேளையில், பழைய சரக்குச் சீட்டின் பின்புறத்தில் இதை நாங்கள் பெருக்கிப் பார்த்தோம். விடை சரியாக வந்தது. பின் ஏதோ ஆவலில் அதை 23ஆல் பெருக்கினோம். வந்து நின்றது 6746328388800. விடுபட்ட எண்ணோடு ஒரே ஒரு பகா எண்ணைச் சேர்த்தால் அவருடைய பட்டியலின் கடைசி எண்! சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

எங்கள் நினைவில் அப்போது வந்தவன், முன்பு எங்களோடு பயிற்சியில் இருந்த ஒரு பையன். ஒருநாள் பதிவேட்டில் ஒரு வரியை எழுத மறந்துவிட்டான். சரக்கு சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆயினும் ஒரு வாரம் முழுவதும் அவனைக் ‘கணக்குப் புலி’ என்றே அழைத்துச் சிரித்தோம். அவனை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவனாகவே வராமல் நின்றுவிட்டான்.

இராமானுஜனின் தேற்றங்களை அந்த ஒற்றை விடுபடல் சிறிதும் அசைக்கவில்லை. அந்தப் பையன் எழுதியிருந்த மற்ற வரிகளையோ, நாங்கள் ஒருவரும் படித்துப் பார்த்ததே இல்லை.