வில்லும் செருப்பும்

பொருநை பாயும் நெல்லைச் சீமையில் நெல் விளைகிறது, வாழை விளைகிறது. அவற்றோடு பாட்டும் விளைகிறது. ஊர்க்கோயில் கொடையென்றால் வில்லுப்பாட்டு உண்டு. சுடலைமாடன் கொடையென்றால் கணியான் கூத்தும், அதன் இரு மகுடங்களின் முழக்கமும் உண்டு. விடிய விடிய அமர்ந்து கேட்கும் பழக்கம் எனக்கும் உண்டு.

"பகுத்தறிவு பேசுபவனுக்குக் கொடைப்பந்தலில் என்ன வேலை?" என்று தோழர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். சாமியாட்டத்தைச் சாடுகிறோம், பலியைக் கண்டிக்கிறோம், அந்தப் பந்தலிலே பிறந்த பாட்டை மட்டும் பாராட்டலாமா? பாராட்டுவது பிறகு இருக்கட்டும். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள் என்பேன். நம் மேடைகள் தோன்றுமுன்னரே, நாம் தொடுக்கும் வழக்கை அந்த வில் தொடுத்திருக்கிறது!

ஆளைவிட நீண்ட வில், தோலால் ஆன நாண், வில்லெங்கும் மணிகள். மண்குடத்தின் கழுத்தில் வில்லைப் பிணைத்து, வீசுகோலால் நாணைத் தட்டுகிறார் புலவர். உடுக்கும் தாளமும் கட்டையும் சேர்ந்துகொள்கின்றன. பாடப்படுவது யார் கதை? மேலுலகத் தேவர் கதையா? பெரும்பாலும் இல்லை. வஞ்சகமாக வெட்டுண்டு வீழ்ந்தவர், காதலித்த குற்றத்துக்காகக் கொலையுண்டவர் ஆகியோரின் கதைகளே மிகுதி. உயிரோடிருந்தபோது நீதி தர மறுத்த ஊர், செத்தபின் பீடம் தந்து கும்பிடுகிறது!

முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். பார்ப்பனக் குலத்தில் பிறந்தவன் அவன். பாபநாசம் மலைக்காட்டில், அருந்ததியரான வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்டு காதல் கொள்கிறான். பெண்ணைப் பெற்றவன் மகிழ்ந்து கால்பிடிக்கவில்லை, நிபந்தனை விதிக்கிறான். குடுமியை அறு, பூணூலைக் கழற்று, செருப்புத் தைத்துக் காட்டு என்கிறான்! முத்துப்பட்டன் மூன்றையும் செய்கிறான். மணம் முடிக்கிறான். மாமனின் மாடுகளைக் கவர வந்தோருடன் போரிட்டு மடிகிறான். இன்றும் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயன் என்ற பெயரில் நிற்கும் அவனுக்குச் செருப்பே காணிக்கை. செருப்பை வாயிலுக்கு வெளியே கழற்றிவிடச் சொல்லும் நாட்டில், செருப்பைச் சன்னிதியில் ஏற்றி வைத்த கதை இது.

இதைப் பொறுக்குமா சாதி? பொறுக்கவில்லை. கதையின் உள்ளே கைவைத்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனத்திக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்றொரு பிறப்புக்கதை ஒட்டப்பட்டது. காதல் குலம் கடந்தது என்ற உண்மையை, குலம் குலத்தோடு சேர்ந்தது என்ற பொய்யால் மூடினார்கள். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை இக்கதையை 1971-இல் பதிப்பித்து, இது பின்னர் நுழைந்த சரக்கு என்று எடுத்துக்காட்டினார். அந்த ஆராய்ச்சி அல்லவா பகுத்தறிவுத் தொண்டு!

அதற்காக அத்தனையும் பொன் என்று சொல்லவில்லை. கணவனோடு இரு பெண்களும் தீயில் இறங்குவதைப் பெருமையென்று பாடுவதை நாம் ஏற்க முடியாது. நெல்லைப் புடைப்பவன் பதரை விடுகிறான். பதருக்காக நெல்லைக் கொட்டிவிடுவதில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் அடிமைத்தளையில் வெந்தவர்களின் பாடல்களை, 1871-இல் பிஸ்க் கல்லூரியின் கறுப்பு மாணவர்கள் ஊர் ஊராகப் பாடினர். தம் கல்லூரியைக் காக்கப் பொருள் திரட்டினர். மண்டபங்கள் கைதட்டின, விடுதிகள் இடம் தர மறுத்தன! பாட்டு இனித்தது; பாடியவன் தோல் கசந்தது.

நாம் அவர்களைப் பார்த்து நகைக்கலாமா? நான் ஆசிரியன். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பறையாட்டம் பழக்கினார்கள். வண்ணத்துணி கட்டிப் பிள்ளைகள் துள்ளினர். எல்லோரினும் நன்றாக அடிக்கத் தெரிந்த சிறுவன் ஒருவன் மட்டும் சேரவில்லை. தனியே அழைத்துக் கேட்டேன். "எங்கப்பா அடிக்கும்போது யாரும் கை தட்டுறதில்லையே, சார்" என்றான். பள்ளி மேடையில் கலை. சாவு வீட்டில் இழிதொழில். தோல் ஒன்று, தாளம் ஒன்று. தட்டும் கைக்கு மட்டும் இரண்டு விலை! அந்தச் சிறுவனுக்கு என்னிடம் விடையில்லை. விடை சொல்ல வேண்டியது ஊர்.

கலை வடிவம் எந்தக் கருத்துக்கும் அடிமையல்ல. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதே வில்லில் காந்தியாரின் கதையைப் பாடினார். அதை எழுதித் தந்தவர் நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகம். குடமும் நாணும் மறுப்புச் சொல்லவில்லை. சாதி ஒழிப்பைப் பாடினாலும் அவை மறுக்கப்போவதில்லை.

ஆகவே, இளந்தோழர்காள்! பந்தலைப் பழித்துவிட்டுப் போய்விடாதீர். முதிய புலவர்களிடம் சென்று கேளுங்கள். பாட்டைப் பதிவு செய்யுங்கள். ஒட்டவைத்த பொய்யைப் பிரித்துக் காட்டுங்கள். கலைஞருக்குப் பொன்னாடை மட்டும் போதாது. உரிய கூலியும் சரிநிகர் இருக்கையும் கொடுங்கள். பறை எல்லோர் கையிலும் ஏறட்டும். பிறந்த குலத்துக்காகச் சாவுக்கு அடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எவர் தலையிலும் ஏறாதிருக்கட்டும். செருப்பைக் காணிக்கையாக ஏற்றுக்கொண்ட ஊர், செருப்புத் தைப்பவனைச் சமமாக ஏற்கும் நாளே அந்த வில் தொடுத்த வழக்கில் தீர்ப்பு நாள்.